பரண்ல தூங்கின பன்னெண்டு படம்

பள்ளிக்கரணையில ரேடியல் ரோடைப் பிடிச்சு கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளைனு வண்டியை விட்டா நேரா பல்லாவரம். வெள்ளிக்கிழமைன்னா அங்க சந்தை. ரோஜாச் செடி, பைக் ஹேண்டில்பார், பல்லு போன கீபோர்டு... (வாசிக்கிறது, டைப் அடிக்கிறது ரெண்டும்தான் பாஸ்!) எல்லாமே தார்ப்பாய் மேல கிடக்கும். நடுவுல சில பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டே நடப்பாங்க. மோதிரத்தைத் தொலைச்சுட்டாங்கனு நினைக்காதீங்க. பழைய கேமரா பொறுக்குற பார்ட்டிங்க அவங்க.

நம்ம செட்டும் அதுல ஒண்ணு. மொத்தம் மூணே பேர். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நான். தாம்பரம் பக்கம் விஸ்காம் படிக்கிற ஒரு தோழி. மூணாவது ஆளுக்கு வயசு 68. ஈ.பி.யில ரிட்டயர் ஆனவர். நாங்க 'சார்'ம்போம், அவர் 'வாடா, வாம்மா'ம்பார். ஒரே யாஷிகாவுக்கு மூணு பேரும் கை நீட்டினதுதான் அறிமுகம். கடைக்காரர் சந்தோஷமா விலையை ஏத்திட்டார்! அன்னிக்கு டீக்கடையில சட்டம் போட்டோம்: ஒருத்தர் தேடுற கேமரா இன்னொருத்தர் கண்ணுல பட்டா முதல் போன் அவருக்கு. அவர் வேணாம்னு சொன்னாதான் நாம தொடணும். காதலுக்கே இவ்வளவு ரூல்ஸ் கிடையாது.

'மொபைல்லயே சூப்பரா விழுதே, எதுக்குடா இந்த டப்பா?' இது அம்மாவோட வெள்ளிக்கிழமை சுப்ரபாதம். நியாயமான கேள்விதான். நம்ம சதுப்பு நிலத்துக்கு 2022ல ராம்சர் அந்தஸ்து கிடைச்சிருக்கு. சீசன்ல காலையில போனா ராக்கெட் லாஞ்சர் சைஸ் லென்ஸோட ஆளுங்க ஃபிளமிங்கோவுக்குக் காத்திருப்பாங்க. அந்த வரிசையில அக்ஃபா க்ளிக் 3 தூக்கிட்டு நின்னு பாருங்க. பறவை புள்ளியா விழும். ஆனா பக்கத்துல நிக்கிறவர் தன் ராக்கெட்டை இறக்கி வச்சுட்டு, 'எங்க வீட்ல இதே கேமரா இருந்துச்சு தம்பி'னு பேச ஆரம்பிப்பார். அரை மணி நேரம் நிறுத்தமாட்டார். இந்த டப்பாவோட உண்மையான பவர் அதுதான்.

க்ளிக் 3 நம்ம ஊர்லயே, பரோடாவுல தயாரான சரக்கு. 120 ஃபிலிம், ஒரு ரோலுக்குப் பன்னெண்டு சதுரப் படம். வெயிலா மேகமானு ஒரு நெம்புகோலைத் தள்ளிட்டு அமுக்கணும், அவ்வளவுதான் டெக்னாலஜி. 'மிச்சம் எத்தனை இருக்கு?'னு அப்பா கணக்குப் பார்த்து எடுத்த தலைமுறையோட கேமரா. அதுக்கு ஃபிலிம் போட நம்ம ஊட்டியிலயே கம்பெனி இருந்துச்சு. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960ல ஆரம்பிச்சது, ஃபிலிம் பேரு 'இந்து'. இப்போ மூடியாச்சு. சாரோட கல்யாண ஆல்பம் முழுக்க இந்துதான். மாமியை விட அந்த ஃபிலிமைப் பத்திதான் அதிகமா உருகுவார். (மாமி இந்தப் பத்திரிகை வாங்கமாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதறேன்.)

கலெக்‌ஷன்ல பெரிய தலைகள் நிறைய உண்டு. மும்பையில திலீஷ் பரேக்னு ஒரு பத்திரிகை ஃபோட்டோகிராஃபர். 1977லேர்ந்து சேர்த்து 4,425 கேமராவோட கின்னஸ்ல ஏறினவர். குருகிராம்ல ஆதித்ய ஆர்யா 2019ல 'மியூசியோ கேமரா'னு ஒரு மியூசியமே திறந்தார். நம்மகிட்ட இருக்கிறது மூணு பேருக்கும் சேர்த்து 41. அதுல ஓடுறது 19. எண்ணிக்கை மேல எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. அலமாரியில நிக்கிற நூறு கேமராவை விட, ரோல் போட்டுச் சுத்துற ஒண்ணு பெட்டர்ங்கிறது என் கட்சி.

ஓட வைக்கிறதுதான் கஷ்டமே. மெட்ராஸ் புழுக்கத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். விட்டா கோட்டிங்கைத் தின்னுட்டு கண்ணாடியையும் அரிச்சுடும். காத்துப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அப்பப்போ வெளிச்சம் காட்டுறது, இதான் வைத்தியம். இரட்டை லென்ஸ் யாஷிகாவுல இன்னொரு வியாதி. ஷட்டருக்குள்ள பழைய கிரீஸ் பிசினாகி, ஒரு செகண்ட் வைச்சா திறந்த வாயை மூடாது. சின்னச் சின்ன பல்சக்கரம் சேர்ந்து நேரத்தை அளக்குற சமாச்சாரம் அது. கியர் டிரெயின்னு நாலு செமஸ்டர் போர்டுல பார்த்தது சார் வீட்டு டைனிங் டேபிள்லதான் எனக்குப் புரிஞ்சது. லைட் மீட்டர் கதை தனி. 60கள்ல வந்த நிறைய கேமராவுக்கு 1.35 வோல்ட் பாதரச செல் வேணும், அது இப்போ வர்றதில்ல. சாதா 1.5 வோல்ட்டைப் போட்டா மீட்டர் பொய் சொல்லும். அதனால கண்ணளவுதான். நல்ல வெயில்னா எஃப் 16, ஃபிலிம் ஸ்பீடு எவ்வளவோ செகண்டுல அத்தனைல ஒரு பங்கு ஷட்டர். 100 ஃபிலிம்னா 100ல ஒரு பங்கு. மே மாச மேடவாக்கத்துல இது தப்பவே தப்பாது.

இத்தனைக்கும் கை வேலை தெரிஞ்ச பழைய மெக்கானிக்குகள் ஒவ்வொருத்தரா கடையை மூடிட்டு வர்றாங்க. சார் முகத்துல கவலை தெரியறது அந்தப் பேச்சு வர்றப்போ மட்டும்தான். 'நான் போறதுக்குள்ள இதைக் கழட்டி மாட்டக் கத்துக்கோடா'ம்பார். நாங்க டாபிக்கை மாத்திடுவோம்.

இன்னொண்ணும் அவர் சொல்லித்தான் கவனிச்சேன். 2015 டிசம்பர் வெள்ளம் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைனு வீட்டுக்குள்ள வந்தப்போ பீரோ கீழ்த்தட்டுல இருந்த ஆல்பமெல்லாம் ஊறிக் கூழாச்சு. தப்பிச்சது பரண்ல கிடந்ததுதான். இன்னிக்கு சந்தைக்கு வர்ற கேமராவுல பாதி பரண் பார்ட்டிங்கதான்ங்கிறது சாரோட தியரி.

அப்படி ஒண்ணுதான் ஜூன்ல தோழி கையில சிக்கின க்ளிக் 3. குரோம்பேட்டையில ஃப்ளாட் கட்டறதுக்காக இடிச்ச வீட்டுச் சாமானாம். பின்பக்கம் சிவப்பு ஜன்னல்ல நம்பர் தெரிஞ்சுது: 12. உள்ளே ரோல்!

லேபுக்குக் கொடுக்க பயம். நாங்களே காபியில கழுவினோம். ஜோக் இல்ல பாஸ். இன்ஸ்டன்ட் காபித்தூள், வாஷிங் சோடா, வைட்டமின் சி பவுடர். கறுப்பு வெள்ளை ஃபிலிமை டெவலப் பண்ண இது போதும். 1995ல அமெரிக்காவுல ராச்செஸ்டர் காலேஜ் கிளாஸ்ல ஒரு பேராசிரியரும் பசங்களும் கண்டுபிடிச்சது, பேர் 'கேஃபினால்'. அப்புறம் ஹைப்போ. நாத்தத்துல சார் வீட்டு மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாங்க.

பன்னெண்டுல அஞ்சு தேறுச்சு. மிச்சமெல்லாம் புகை. லாம்ப்ரெட்டா மேல ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு, ரெட்டை ஜடை. சிரிப்பை முந்தானையால மறைக்கிற ஒரு பாட்டி. தாமரைப்பூ கிரில் கேட். வாசல்ல கோலம், அதுல 'புத்தாண்டு 1984'. அந்த வீட்டுல யாருமே பார்க்காத படம். மூணு பேரும் ரொம்ப நேரம் பேசலை.

பேச ஆரம்பிச்சதும் சண்டை. 'இன்ஸ்டாவுல போடுவோம், ஒரே நாள்ல ஆளைக் கண்டுபிடிச்சுடலாம்'னா தோழி. 'அந்தப் பொண்ணுக்கு இப்போ அம்பது வயசு இருக்கும். அவங்ககிட்ட கேட்டியா?'னார் சார். அவ விவியன் மேயரை இழுத்தா. சிகாகோவுல பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்ட வேலைக்காரம்மா. 2007ல ஏலத்துல யாரோ வாங்கின அவங்க பெட்டிக்குள்ளேர்ந்துதான் உலகத்தரமான படங்கள் வெளியே வந்துச்சு. 'போடாம விட்டிருந்தா அவங்களை யாருக்குத் தெரியும்?' சார் விடலை. 'அந்தம்மா 2009ல செத்துப்போனாங்க. சம்மதம் சொன்னாங்களா?' பதிலுக்கு அவர் குல்வந்த் ராயைச் சொன்னார். காந்தி, நேரு, ஜின்னானு எடுத்துத் தள்ளின டெல்லி ஃபோட்டோகிராஃபர். சாகிறப்போ தன் நெகட்டிவ் பெட்டிகளை அந்த ஆதித்ய ஆர்யாகிட்ட விட்டுட்டுப் போனார். பெட்டியெல்லாம் பல வருஷம் கழிச்சுதான் திறந்தாங்க. 'அங்க கொடுத்தவர் யாருன்னு தெரியும்மா. இங்க நமக்கு யார் கொடுத்தா? எடைக்குப் போட்டவன்!' அவர் செத்ததும் 1984தான். கோலத்துல இருந்த அதே வருஷம்.

ரெண்டு வெள்ளிக்கிழமை சந்தைக்கு நான் மட்டும் போனேன். நல்ல பென்டாக்ஸ் ஒண்ணு கிடைச்சுது, போன் பண்ண ஆளில்லாம வாங்கவே தோணலை.

எனக்கு ரெண்டு பேர் சொன்னதும் சரியாத்தான் பட்டுது. முகம் உள்ள நாலு படத்தையும் கவர்ல போட்டு சார் பீரோவுல வச்சேன். கேட்டும் கோலமும் மட்டும் இருக்கிற அஞ்சாவதைப் பெருசா பிரின்ட் போட்டேன். சந்தைக்காரர் சொன்ன தெருவுக்கு மூணு பேரும் போனோம். முதல்ல வண்டியில கம்முனு வந்தவங்க, மூணாவது வீட்டு வாசல்ல கூர்க்காகிட்ட மாத்தி மாத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. தெருமுனை இஸ்திரிக்காரர் படத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழ வச்சார். 'தாமரை கேட் வீடு!' வாத்தியார் வீடாம். பொண்ணு கல்யாணமாகி வெளியூர் போயிடுச்சு, எந்த ஊர்னு தெரியாது. பொங்கலுக்குச் சில சமயம் தெருவுக்கு வந்து எட்டிப் பார்க்குமாம்.

பிரின்ட்டை அவர்கிட்டயே கொடுத்துட்டு வந்தோம். வண்டி ஓரத்துல துணி கிளிப் போட்டு மாட்டியிருக்கார், பின்னாடி சாரோட நம்பர். போன வாரம் அந்தப் பக்கம் போனப்போ கேட்டேன். ரெண்டு பேர் நின்னு பார்த்தாங்களாம், அந்தப் பொண்ணு இன்னும் வரலையாம்.