நாயிடம் கேட்டீர்களா?

1990 மார்ச்சில் பில் இர்வின் என்ற பார்வையற்ற அமெரிக்கர் ஜார்ஜியா மலைகளிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கினார். 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்து கடாடின் மலையில் முடியும் அப்பலாச்சியன் நடைபாதை அது. நீளம் சுமார் 3,500 கி.மீ. நவம்பரில் நடந்து முடித்தபோது வழிநெடுக ஆயிரக்கணக்கான தடவை விழுந்து எழுந்திருந்தார். கூடவே வந்தது ஓரியன்ட் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட். அதன் முதுகிலும் ஒரு பை.

அருமையான கதை. ஆனால் ஓரியன்ட், பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய். ஏ.சி. அறையில் சோபாவில் புரளும் லாப்ரடாரையும் அதே பாதைக்கு இழுத்துப் போகிறவர்களை நினைத்தால்தான் கவலை.

முழுப் பாதையையும் ஒரே ஆண்டில் நடக்க ஐந்தாறு மாதங்கள் வேண்டும். அவ்வளவு லீவுக்கு எங்கே போவது? அதனால் பலர் இதைத் துண்டு துண்டாக நடக்கிறார்கள். இந்த வருடம் நாலு நாள், அடுத்த வருடம் ஒரு வாரம். 'செக்‌ஷன் ஹைக்' என்று பெயர். பாதி நடை என்று இளக்காரம் செய்பவர்கள் உண்டு. நாயோடு போவதானால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பேன்.

காரணம் எளிது. நாய்க்குப் 'போதும்' என்று சொல்லத் தெரியாது. எஜமானர் நடந்தால் அதுவும் நடக்கும், வாலை ஆட்டிக்கொண்டே. மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். உள்ளங்கால் தேய்ந்து புண்ணானாலும் நொண்டும் வரை தெரியாது. பென்சில்வேனியா பகுதியின் கூரான கற்கள் கனத்த பூட்ஸையே பதம் பார்ப்பவை. தினமும் மாலையில் கூடாரம் அடித்ததும் நாலு பாதங்களையும் விரித்துப் பார்ப்பது, ரோமத்துக்குள் உண்ணி தேடுவது எல்லாம் அன்றாட வேலை. உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு நாய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. மனிதர்களுக்கு வந்த ஊசி 2002-ல் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது என்பது வேடிக்கை!

இன்னொரு தரப்பும் இருக்கிறது: காட்டில் ஏற்கனவே குடியிருப்பவை. கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்காவுக்குள் இந்தப் பாதை 110 கி.மீ.க்கும் அதிகமாக ஓடுகிறது. அங்கே வளர்ப்பு நாய்க்கு அனுமதி இல்லை. கடாடின் இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவிலும் அப்படியே. வழிகாட்டி நாய்களுக்கு மட்டும் விலக்கு. இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் நம் லடாக்கைப் பார்க்கட்டும். அங்கே தெருநாய்கள் கருங்கழுத்துக் கொக்கின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்க்கின்றன. அவை வீட்டு நாய்கள் அல்லதான். ஆனால் தரையில் கூடு கட்டும் பறவைக்கு அந்த வித்தியாசம் புரியுமா?

இமயமலையில் நடப்பவர்களுக்கு வேறொரு சங்கடம். நாயை நாம் கூட்டிப் போவதில்லை, அதுவாகப் பின்னால் வருகிறது. கிராமத்தில் போட்ட இரண்டு பிஸ்கட்டுக்கு நன்றியாகக் கணவாய் தாண்டியும் வரும். மறுபக்கத்தில் நாம் ஜீப் ஏறிவிடுவோம். அந்த ஊர் நாய்கள் அதை என்ன செய்யும்? முதல் பிஸ்கட்டைப் போடாமல் இருப்பதே கருணை.

அமெரிக்காவில் நாயோடு முதல் துண்டு நடக்க விரும்புகிறவர்கள் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பூங்காவைத் தேர்ந்தெடுக்கலாம். பாதை அங்கே சுமார் 160 கி.மீ. நாய்க்கு அனுமதி உண்டு. கயிறு ஆறடிக்கு மேல் கூடாது. முக்கியமான வசதி, ஸ்கைலைன் டிரைவ் என்ற கார்ச்சாலை பாதையை அடிக்கடி குறுக்கே வெட்டுகிறது. நாய் காலைத் தூக்கி வைக்க ஆரம்பித்தால், அடுத்த குறுக்குச் சாலையிலேயே நடையை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். மிச்சத்தை அடுத்த வருடம் நடந்துகொள்ளலாம்.