பாதியில் நின்ற நாடகம்

மூன்றாண்டுகளுக்கு முன்னர், நமக்குத் தெரிந்த பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவுக்கு ஐந்து இளங்கலைஞர்கள் வந்திருந்தனர். ஆண்கள் மூவர், பெண்கள் இருவர். அவர்களுள் இருவர் அரங்கக் கலையில் பட்டம் பெற்றவர்கள். குழந்தைகளுக்கென்றே நாடகம் செய்வது என்று துணிந்து, ஒரு பழைய வேனில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தனர். நம்மிடம் அவர்கள் கேட்டவை இரண்டே: நாற்பது நிமிட நேரமும், குழந்தைகள் தரையில் வட்டமாக அமர ஒரு மரத்தடியும். நாம் கொடுத்தவை வேறு. இருபது நிமிடம், ஆளுயர மேடை, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி; இவற்றோடு, ‘கைப்பேசியின் தீமையையும் பிளாஸ்டிக் பையின் தீமையையும் எப்படியாவது உள்ளே சேர்த்துவிடுங்கள்’ என்னும் வேண்டுகோள். ‘நாம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவ்விழாக் குழுவில் நாமும் இருந்தோம். அவ்வேண்டுகோளை அங்கே எவரும் மறுக்கவில்லை, நாமும் மறுக்கவில்லை.

கதை எளியது. ஒரு சிறுமியின் ஆட்டுக்குட்டி மாலையில் வீடு திரும்பவில்லை. இருட்டுக்கு அஞ்சும் அவள் அதனைத் தேடிப் புறப்படுகிறாள். துண்டை முறுக்கி ஆட்டுக்குட்டியாக்கினார்கள். ஒரு போர்வையை விரித்துக் கிணறாக்கினார்கள். ‘அங்கே போகாதே, கிணறு இருக்கு’ என்று முன்வரிசைக் குழந்தைகள் கூவத் தொடங்கிய நேரத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வாயிலில் நுழைந்தது. பேண்டு முழங்கிற்று. நாடகம் நிறுத்தப்பட்டது. பொன்னாடை, மலர்ச்செண்டு, வரவேற்புரை. அதன்பின் நாடகத்தைத் தொடர நேரமில்லை என்றனர். வரவேற்புரையின் நடுவே இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று, “ஆட்டுக்குட்டி கெடச்சுதா?” என்று உரக்கக் கேட்டான். ஆசிரியை அவனைத் தோளைப் பற்றி உட்காரவைத்தார். விழா முடிந்ததும் அக்குழுவின் பெண் ஒருவர் நம்மிடம் வந்து, “ஐயா, அந்தத் தம்பியைக் கூப்பிடுங்களேன், மீதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறோம்” என்றார். தேடினோம். பள்ளி வண்டி சென்றுவிட்டிருந்தது.

அன்று நம் உள்ளத்தில் குத்திய முள்ளே இவற்றை எழுதத் தூண்டுகிறது.

நம்மிடையே ஒரு மயக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. குழந்தைகள் நடிக்கும் நாடகமும் குழந்தைகளுக்காக நடிக்கப்பெறும் நாடகமும் ஒன்றே என்று எண்ணுகிறோம். இம்மயக்கத்துக்கு வரலாறு உண்டு. தமிழ் நாடக மேடையை ஒரு காலத்தில் தாங்கி நின்றவர்கள் சிறுவர்களே. சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியபோது, அதில் சேர்ந்த தி. க. சண்முகத்துக்கு வயது ஆறு. அச்சிறுவன் நடிப்பதற்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். வியக்கத்தக்க செய்திதான். ஆயினும் பாலர் சபைகளின் கொட்டகையில் கட்டணம் செலுத்தி அமர்ந்திருந்தவர்கள் யார்? பெரியவர்கள். விடிய விடியப் பாடியவை பெரியவர்களுக்கான பாடல்கள். அழுதது பெரியவர்களின் சோகம். குழந்தை மேடையில் இருந்தது. குழந்தைக்கு மேடை இல்லை.

அந்தக் கொட்டகைகள் மறைந்துவிட்டன. பழக்கம் மட்டும் நம் ஆண்டுவிழாக்களில் வாழ்கிறது. ஒப்பனை அரிக்க, பசியோடு காத்திருந்து, திரைப்படப் பாடலுக்கு நம் பிள்ளைகள் ஆடுகின்றனர். எதிரே பெற்றோர் கைப்பேசியை உயர்த்திப் படம்பிடிக்கின்றனர். (கைப்பேசியின் தீமை பற்றி நாடகக்காரர்களிடம் கேட்டவர்களும் இவர்களே.) நம் பங்குகளின் கிறிஸ்து பிறப்பு விழா நாடகம் மட்டும் விதிவிலக்கா? ஆட்டிடையர்களாக நிற்கும் சிறார் யாருக்காக நிற்கின்றனர்? அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய கலைத் திருவிழாவை நாம் வரவேற்கிறோம். எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை அது மேடையேற்றியிருக்கிறது. ஆனால் அதுவும் போட்டியே. குழந்தை நடிக்கிறது, நடுவர் பார்க்கிறார். குழந்தை வாய்பிளந்து பார்த்திருக்க, தேர்ந்த கலைஞர் ஒருவர் அதற்கென்றே நடிப்பது எப்போது?

பிற நாட்டார் இவ்வேறுபாட்டை உணர்ந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. 1918-ல், நம் பால சபை தோன்றிய அதே ஆண்டில், மாஸ்கோவில் சிறுவர் அரங்குக்கான பொறுப்பை நத்தாலியா சாட்ஸ் ஏற்றார். அப்போது அவருக்கு வயது 15. ‘அனுபவம் இல்லாத சின்னப் பெண்’ என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் 1936-ல் புரோகோபீவ் இயற்றிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதை உலகக் குழந்தைகளுக்குக் கிடைத்திராது. மறு ஆண்டே ஸ்டாலின் ஆட்சி அவரைச் சிறைப்படுத்தியது. மீண்டு வந்தவர் 1965-ல் அதே நகரில் சிறுவர் இசை நாடக அரங்கை நிறுவினார். இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் பெல்கிரேடு அரங்கம் நடிகர் குழுவைப் பள்ளிகளுக்குள் அனுப்பத் தொடங்கியதும், சிறுவர் அரங்குகளுக்கான ‘அசிட்டெஜ்’ என்னும் பன்னாட்டுச் சங்கம் பாரிசில் உருவானதும் அதே 1965-ல்தான். நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. பெர்லினின் ‘கிரிப்ஸ்’ அரங்கு வழிவந்த நாடகங்களை மோகன் அகாஷே 1986 முதல் புனேயில் மராத்தியில் வளர்த்தார். அரசகுமாரனோ பூதமோ அவற்றில் தேவைப்படவில்லை. அன்றாட வீடும் தெருவும் பள்ளியுமே களம், குழந்தைகளாக நடிப்பவர்கள் பெரியவர்கள். தில்லி தேசிய நாடகப் பள்ளி 1989-ல் கல்விவழி அரங்குக்கெனத் தனிக் குழு அமைத்தது.

தமிழகத்தில் ஆளில்லையா? உண்டு. புதுச்சேரியில் வேலு சரவணன் தம் ‘ஆழி’ குழுவுடன் பல்லாண்டுகளாகப் பள்ளி பள்ளியாகச் சென்று நடித்துவருகிறார். ‘கடல் பூதம்’ பார்த்த குழந்தைகள் வளர்ந்து தம் குழந்தைகளை அழைத்து வரும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. காஞ்சிபுரத்துக்கு அருகே 2002-ல் தொடங்கப்பெற்ற கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருங்கே கற்பித்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளையும் ஆடவைத்தது. அக்குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. அது மூடப்பட்டதைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை பேர் பேசினோம்?

குழந்தைகளுக்கு நடிப்பது எளிது, தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற பயிற்சிக்களம் என்று ஒரு கருத்து உலவுகிறது. இதைவிடப் பெரிய அறியாமை இல்லை. பெரியவர்கள் சலிப்புற்றாலும் மரியாதைக்காக அமர்ந்திருப்பர். குழந்தைக்கு அந்த நாகரிகம் கிடையாது. சலித்தால் திரும்பி உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் சடையைப் பிடித்து இழுக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அச்சமூட்டுவது பத்து வயதுச் சிறுவனுக்குச் சிரிப்பூட்டும். அழும் குழந்தையைக் கண்டால் பூதமாக நடிப்பவர் அக்கணமே குரலைத் தாழ்த்த வேண்டும்; இடையில் ஒரு குழந்தை கேள்வி கேட்டால், தெருக்கூத்தின் கட்டியக்காரனைப் போல அதற்கு விடை சொல்லிக்கொண்டே கதைக்குத் திரும்ப வேண்டும். இதற்காகத்தான் மரத்தடியைக் கேட்டார்கள். ஆளுயர மேடையிலிருந்து பார்த்தால் குழந்தையின் கண் தெரியாது.

அடுத்து, நீதி. ‘குழந்தைகளுக்கு நல்லதைச் சொல்லக் கூடாதா?’ என்று கேட்பவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் நாடகத்தின் முடிவில் நடிகர் ஒருவர் முன்வந்து ‘ஆகவே குழந்தைகளே’ என்று தொடங்கும்போது குழந்தைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறோமா? விளக்கணைந்ததுபோல் ஆகிவிடும். அதுவரை அவர்கள் இருட்டுக்குள் ஆட்டுக்குட்டியைத் தேடினார்கள். இப்போது மீண்டும் வகுப்பறை. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகன் விருந்துக்குள் சென்றானா, வாயிலிலேயே நின்றுவிட்டானா? நற்செய்தியில் அதற்கு விடை இல்லை. கேட்டவர்களின் நெஞ்சில் அக்கேள்வியை விட்டுவிட ஆண்டவருக்குத் துணிவு இருந்தது. நமக்கு அத்துணிவு இல்லை. பிளாஸ்டிக் பையைச் சேர்க்கச் சொல்கிறோம். அவ்விளைஞர்கள் மறுத்தால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. இசைந்தால் அவர்கள் கற்ற கலை கெடும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூசுகிறோம், பேசியே ஆகவேண்டும். அவ்விழாவில் பந்தலுக்கு 18,000 ரூபாய் கொடுத்தோம், ஒலி ஒளிக்கு 12,000. நாடகக் குழுவுக்கு 3,000 ரூபாயும் ஒரு கேடயமும். ஐவருக்கு உணவு, வேனுக்கு டீசல், ஒரு மாத ஒத்திகை எல்லாம் அந்த மூவாயிரத்துக்குள். ‘இளைஞர்கள்தாமே, ஒரு மேடை கிடைக்கிறதே’ என்று குழுவில் ஒருவர் சொன்னார். பந்தல்காரரிடம் ‘ஒரு மைதானம் கிடைக்கிறதே’ என்று அவர் சொல்லியிருப்பாரா? கலையைத் தொண்டு என்று புகழ்வது, கூலி கொடுக்காமலிருக்க நாம் கண்ட நயமான வழி.

இவர்கள் நிலைத்து வாழ வேறு வழி உண்டா என்றால், அதையும் அடைத்து வைத்திருக்கிறோம். நம் பள்ளிகளில் ஓவியத்துக்கு, இசைக்கு, தையலுக்கு, உடற்கல்விக்குச் சிறப்பாசிரியர் என்று ஒரு பணியிடமேனும் ஏட்டில் உண்டு. நாடகத்துக்கு அதுவும் இல்லை. பத்தாம் வகுப்புவரை கலைக்கல்வி கட்டாயம் என்று தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005-லேயே பரிந்துரைத்தது. குழந்தையின் ஓய்வு, விளையாட்டு, கலை ஆகியவற்றுக்கான உரிமையை 31-ஆம் பிரிவில் கூறும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-லேயே ஏற்றது. நாடகவியல் பயின்று வெளிவரும் தமிழ் இளைஞருக்கோ ஒரு பள்ளிக் கதவும் திறப்பதில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில், நம் மொழியே பேசும் பிள்ளைகள், ‘நாடகமும் அரங்கியலும்’ என்பதைப் பொதுத் தேர்வுக்குரிய பாடமாகவே படிக்கின்றனர். அதனைக் கற்பிக்க ஆசிரியர்கள் இருக்கின்றனர். குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் பள்ளி மாணவர்களுக்கென எழுதிப் பயிற்றிய நாடகங்கள் அங்கே ஒரு மரபாகவே வளர்ந்திருக்கின்றன. போர் சூழ்ந்த ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத்தார் கைவிடாத ஒன்றை, அமைதியில் வாழும் நாம் தொடங்கவே இல்லை.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளைப் பெரும்பாலும் நடத்துபவர்கள் அருள்பணியாளர்களும் அருட்சகோதரிகளும். ஆகவே இது அவர்கள் பாடு என்று பொதுநிலையினராகிய நாம் ஒதுங்கிவிட முடியாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் அமர்பவர்கள் நாம். ஆண்டுவிழாவுக்கு நன்கொடை தருபவர்கள் நாம். எந்தப் பாட்டுக்கு நம் பிள்ளை ஆடவேண்டும் என்று ஆசிரியையிடம் சண்டையிடுபவர்களும் நாமே. ஒரு பள்ளி ஆண்டுக்கு இரண்டு நாடகங்களைக் காசு கொடுத்து வரவழைக்கட்டும். வகுப்பு நேரத்திலேயே, சிறப்பு விருந்தினர் இல்லாமல், மரத்தடியில் நடக்கட்டும். செலவு பந்தல் வாடகைக்கு மேல் போகாது. பங்கு மன்றக் கூடங்கள் வார நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. ஒத்திகைக்கு இடமின்றிப் பேருந்து நிலையத்துப் பின்புறம் வசனம் பேசிப் பார்க்கும் இளைஞர்களுக்கு அவற்றின் சாவியைக் கொடுத்தால் யாருக்கு நட்டம்?

அந்த ஐவர் குழு இப்போது மூவராகச் சுருங்கிவிட்டது. மீதிக் கதையைச் சொல்ல விரும்பிய அப்பெண் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கிறார். சென்ற மாதம் அங்கே கண்டோம், நம்மை அடையாளம் கண்டு அவரே வணங்கினார். அந்தச் சிறுவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. அதே பள்ளியின் இவ்வாண்டு விழா நிரல், ஒப்புதலுக்காக நம் மேசைமேல் கிடக்கிறது. நாடகம் என்ற சொல்லுக்கு எதிரே ‘10 நிமிடம்’ என்று குறித்திருக்கிறார்கள். நாம் இன்னும் கையொப்பமிடவில்லை.