கம்ப்யூட்டர் பாட்டிக்கு முழங்கால் வைத்தியம்

"சித்தப்பா, பாட்டிக்குக் கால் சரியில்லை!"

அண்ணன் மகளிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி. பதறிப்போய் போன் செய்தேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கால் சரியில்லாதது, அவள் கம்ப்யூட்டரில் வைத்திருந்த முப்பரிமாணப் பாட்டிக்கு!

கல்லூரிக்காக ஒரு நிமிட அனிமேஷன் படம். பாட்டி வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட வேண்டும். நிற்கும்போது அழகாக இருந்த உருவம், குந்தியதும் முழங்கால் மடங்கிய ரப்பர் டியூப் மாதிரி நசுங்கிவிட்டது. தொடை கெண்டைக்காலுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

ஏன் இப்படி? உங்கள் கையை மடக்கிப் பாருங்கள். மேலே தசை புடைக்கும், முழங்கை எலும்பு துருத்தும். கம்ப்யூட்டர் உருவத்துக்குத் தசையே கிடையாது. இருப்பது உள்ளே எலும்புகள், வெளியே ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன ஒரு வலை. மூட்டருகே உள்ள புள்ளி, இரண்டு எலும்புகளின் அசைவுக்கும் நடுவே சராசரியாக ஓரிடத்தில் போய் நிற்கும். அதனால் மூட்டு இளைத்துவிடுகிறது. மணிக்கட்டைத் திருப்பினால் மிட்டாய்க் காகிதம் போல முறுக்கிக்கொள்ளும்.

இதற்கான வைத்தியம்தான் 'ஜாயின்ட் கரெக்டிவ் மார்ஃப்'. உருவத்தை முழுவதும் மடக்கி வைத்து, நசுங்கிய இடத்தைக் களிமண் பிசைவது போலச் சரிசெய்ய வேண்டும். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் சேமித்து, மூட்டின் கோணத்தோடு இணைக்க வேண்டும். கால் நேராக இருந்தால் திருத்தம் பூஜ்யம். பாதி மடங்கினால் பாதி. முழுக்க மடங்கினால் முழுசு. இலவச மென்பொருளான பிளெண்டரில் இதை 'ஷேப் கீ', 'டிரைவர்' என்ற இரண்டு வசதிகளால் செய்யலாம். மூட்டின் நிலையைப் பொறுத்து உருவத்தைத் திருத்தும் இந்த யோசனையை, 2000-ல் சிக்ராஃப் மாநாட்டில் ஜே.பி.லூயிஸ் குழுவினர் விரிவான முறையாகவே முன்வைத்தார்கள்.

நம் பெண் முதலில் சறுக்கினாள். மடங்கிய வடிவத்தை அப்படியே சேமித்துவிட்டாள். கால் இரண்டு முறை மடங்கியது! மடக்கத்தைக் கழித்து, திருத்தத்தை மட்டும் நிமிர்ந்த நிலைக்கு மாற்றிச் சேமித்த பிறகுதான் சரியானது. முழங்காலுக்கே இரண்டு ராத்திரி.

"இவ்வளவு கஷ்டப்பட்டதை ஏன் சும்மா கொடுக்கிறாய்?" என்றேன், அவள் அதை இணையத்தில் பகிர்ந்தபோது.

"தோள்பட்டைத் திருத்தம் யாரோ செய்து கொடுத்ததுதானே சித்தப்பா? அதை எடுத்துக்கொண்டேனே!"

வாயை மூடிக்கொண்டேன்.

பகிர்வதிலும் முறை உண்டு. அடிப்படை உருவம் ஒரு நிறுவனம் விற்பது. அதை அப்படியே தூக்கிக் கொடுக்கக் கூடாது. திருத்தக் கோப்பில் இருப்பது புள்ளிகள் நகர்ந்த கணக்கு மட்டும்தான். ஆனாலும் உரிம விதிகளைப் படித்துவிட்டே பகிர வேண்டும். எந்த உருவத்துக்கானது, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று எழுதியும் வைக்க வேண்டும். புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும். ஒருவருடைய மூக்குக்கண்ணாடி இன்னொருவருக்குச் சேராது அல்லவா?

படம் முடிந்ததும் அம்மாவிடம் காட்டினோம். கோலம் போட்டுவிட்டு அலுங்காமல் எழுந்து நின்ற பாட்டியையே உற்றுப் பார்த்தவர் கேட்டார்:

"இந்த வைத்தியத்தை எனக்கும் பண்ணக் கூடாதாடி?"