முக்கால் மணி நேர விமானம், அஞ்சரை மணி நேரப் பயணம்

ஓசூர்ல இருந்து சென்னைக்கு ஃப்ளைட்ல போறேன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். கணக்கு போட்டுப் பாருங்க மக்களே.

தேவனஹள்ளி - மீனம்பாக்கம் வான்வழித் தூரம் சுமார் 270 கி.மீ. ஆகாயத்துல இருக்கறது முக்கால் மணி நேரம். டிக்கெட்ல ஒரு மணி நேரம்னு போட்டிருப்பாங்க (ஓடுதளத்துல ஊர்ந்து போறதையும் சேர்த்து). ஆனா ஓசூர்ல இருந்து தேவனஹள்ளிக்கு ரோட்டுல கிட்டத்தட்ட 75 கி.மீ. அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால்னு எல்லா சாமியையும் கும்பிட்டுட்டுப் போகணும். சாயங்காலம்னா இரண்டரை மணி நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும். சென்னையில இறங்கி வெளிய வர அரை மணி. ஆக மொத்தம் அஞ்சரை. பஸ்ல 310 கி.மீ., ஆறு மணி நேரம், அதுவும் தூங்கிட்டே போகலாம் :-)

அதனால 'ஓசூருக்கு விமான நிலையம் வந்தா சென்னைக்குப் பறக்கலாம்'ங்கிற பேச்சுல எனக்கு ஆர்வம் இல்லை. டெல்லி, மும்பை, சிங்கப்பூர்னு தூரமாப் போறவங்களுக்கும், வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பறவங்களுக்கும்தான் அது தேவை.

இதுக்குக் குறுக்கே நிக்கிறது ஒரு வட்டம். பெங்களூர் விமான நிலையத்துக்காக 2004-ல் மத்திய அரசோடு போட்ட ஒப்பந்தப்படி, 2008-ல் திறந்ததுல இருந்து 25 வருஷத்துக்கு, அதாவது 2033 வரைக்கும், 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள்ள வேற விமான நிலையம் வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. ஓசூர் இருக்கறது வெறும் 50 கி.மீ. சொச்சத்துல. பேளகொண்டப்பள்ளியில தனியார் ஓடுதளம் இருந்தும் உடான் திட்டத்துல நம்ம ஊரு பறக்க முடியாமப் போனதுக்கு இந்த வட்டம்தான் காரணம். சேலம் சுமார் 160 கி.மீ. தள்ளி இருக்கறதால தப்பிச்சுது!

150 கி.மீ.ன்னு வரைபடத்துல அளந்தவங்க சில்க் போர்டு சிக்னலை அளக்கலை. எலக்ட்ரானிக் சிட்டியில வேலை பார்க்கிற கன்னடக்காரருக்கும் தேவனஹள்ளியை விட ஓசூர் பாதி தூரம்கூட இல்லை. ஆக இது தமிழ்நாடு-கர்நாடகா சண்டையே இல்லை. இத்தனைக்கும் அவங்களே பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையத்துக்கு இடம் தேடறாங்க.

2024 ஜூன்ல முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில 2000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள்னு அறிவிச்சார். என்னைக் கேட்டா, காலக்கணக்கு சரிதான். நிலம் எடுத்து, அனுமதி வாங்கி, கட்டி முடிக்க எப்படியும் 2033 பக்கத்துல வந்துடும். ஆனா 3 கோடிங்கிறது எனக்கு உறுத்துது. முதல்ல ஒரு ஓடுதளம், ஒரு சின்ன முனையம், சரக்குக்கு ஒரு கிடங்குன்னு ஆரம்பிச்சா 2000 ஏக்கரும் ஒரே மூச்சுல தேவைப்படாது. 2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் வந்துட்ட மெட்ரோவை இங்க வரைக்கும் இழுத்தா, தேவனஹள்ளி போறவங்களுக்கும் பாதித் தலைவலி குறையும். எனக்கு அதுதான் முதல்ல வேணும்.

பரந்தூர்ல 2022-ல ஆரம்பிச்ச போராட்டத்தை எல்லாரும் பார்த்தோம். இங்க சூளகிரி, பாகலூர் பக்கம் 'ஏர்போர்ட் அருகில்'னு மனை விக்கிற போர்டு மட்டும் முன்னாடியே வந்துடுச்சு. ரோஜாவும் தக்காளியும் போடறவருக்கு, அடுத்த வருஷம் போர்வெல் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். எந்த சர்வே நம்பர் போகுது, ஏக்கருக்கு எவ்வளவு தருவாங்கன்னு அவருக்குச் சொல்லிட்டு அப்புறம் 3 கோடி பயணிகளைப் பத்திப் பேசலாம்.