நான்கு வழி என்பது நான்கு வழிதானா?

கேரள அரசின் தரவு மையங்கள் இரண்டு திருவனந்தபுரத்தில் இயங்குகின்றன. ஒன்று பாளையம் பகுதியிலுள்ள கோ-பேங்க் டவர்ஸில், மற்றொன்று டெக்னோபார்க்கின் தேஜஸ்வினி கட்டடத்தில். இத்தகைய மையங்களில் சர்வரும் தரவும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் இருப்பதில்லை. தரவு தனிச் சேமிப்பகத்தில் இருக்கும். இரண்டையும் ஃபைபர் கேபிள்களும் சுவிட்சுகளும் இணைக்கும். ஒரு கேபிள் அறுந்ததால் சர்வர் தன் தரவை இழந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக உருவானதே மல்டிபாத் மென்பொருள்.

சர்வரில் இரண்டு இணைப்பு அட்டைகள், அட்டைக்கு ஒன்றாக இரண்டு சுவிட்சுகள், ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் சேமிப்பகத்தின் இரண்டு கண்ட்ரோலர்களுக்கும் இணைப்பு என்று அமைத்தால் வழிகள் நான்காகும். ஒரே வட்டு சர்வருக்கு நான்கு வட்டுகளாகத் தோன்றும். மல்டிபாத் அவற்றின் அடையாள எண்ணைப் படித்து ஒன்றாக்குகிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வழியையும் சோதிக்கிறது. ஒரு வழி அற்றால் நிலுவையிலுள்ள வேலையை மற்றொன்றில் திருப்புகிறது. பயனர் உணர்வது அதிகம் போனால் சிறு தாமதமே.

இந்தச் சிறப்பில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மூன்று வழிகள் அற்ற பின்னரும் பணி தடையின்றி நடக்கும். எச்சரிக்கைப் பதிவை எவரும் வாசிக்காவிடில், நான்காவதும் அறும்போதுதான் முதல் மூன்றும் போன செய்தி தெரியவரும்.

மேலும், மென்பொருள் வழிகளை எண்ணுமேயன்றி அவற்றின் தற்சார்பை அறியாது. இரண்டு சுவிட்சுகளும் ஒரே மின்இணைப்பில் இருந்தாலும் அது நான்கு என்றே கணக்கிடும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்திய இணையத் தொடர்பு பெரிதும் பாதிக்கப்பட்டது. அவை வெவ்வேறு அமைப்புகளின் கேபிள்கள். ஆயினும் கடந்து சென்றது ஒரே கடற்பகுதியை. தரவு மையத்தின் அலமாரிக்குள்ளும் இதே தவறு நிகழலாம்.

மல்டிபாத் காப்புப்படியும் அன்று. தவறுதலாக அழிக்கப்படும் ஆய்வுத் தரவு நான்கு வழிகளிலும் ஒரே சீராக அழிக்கப்படும்.

ஆகவே, கொள்முதல் ஆவணத்தில் வழிகளின் எண்ணிக்கையைக் குறிப்பதோடு பல்கலைக்கழகங்கள் நின்றுவிடக் கூடாது. சாதனங்களை ஏற்கும் முன், பணி நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கேபிளையும் கழற்றிச் சோதிக்க வேண்டும். எச்சரிக்கை பொறுப்பாளரைச் சென்றடைந்ததா என்பதைப் பதிவு செய்ய வேண்டும். இச்சோதனையைப் பருவந்தோறும் மீண்டும் நடத்த வேண்டும். லினக்ஸின் மல்டிபாத் கட்டற்ற மென்பொருள். மெய்நிகர் கணினிகளைக் கொண்டே மாணவர்கள் இதைப் பயிலலாம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பெற்ற நகரில் இதற்கு ஓர் ஆய்வகப் பாடம் அமைவது கடினமன்று. சோதிக்கப்படாத மாற்றுவழியை வழி என்று கணக்கில் சேர்ப்பது, பொதுமக்களின் ஆவணங்களையும் ஆய்வாளர்களின் பல்லாண்டு உழைப்பையும் நம்பிக்கை ஒன்றின் மீதே வைப்பதாகும்.