விளையாட்டுத் திடலைப் பற்றி யாரைக் கேட்கிறார்கள்?

2024 அக்டோபர் இறுதியில் பெருநகர சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் ஒப்படைப்பதும், ஆட வருவோரிடம் தலைக்கு ஒரு மணி நேரத்திற்கு 120 ரூபாய் வசூலிப்பதுமே அதன் சாரம். எதிர்ப்பு வலுத்தது. ஓரிரு நாட்களிலேயே தீர்மானம் கைவிடப்பட்டது. மாநகராட்சியே திடல்களைப் பராமரிக்கும், கட்டணம் கிடையாது என மேயர் அறிவித்தார். செய்தி அத்துடன் ஓய்ந்தது. நாம் எழுப்ப வேண்டிய கேள்வியோ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கணக்கு எளியது. மாதத்தில் இருபத்தைந்து நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடும் சிறுவன் 3,000 ரூபாய் செலுத்தியிருக்க வேண்டும். இரு அணிகளாக இருபத்திரண்டு பேர் ஆடினால் ஒரு மணி நேரத்திற்கு 2,640 ரூபாய். கால்பந்தைத் தன் அடையாளமாகவே கொண்ட வியாசர்பாடியில், தினக்கூலி வருவாயில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதன் பொருள் என்ன? அந்தத் தீர்மானத்தில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. ஆயினும் நடைமுறைக்கு வந்திருந்தால், திடலின் வாயிலில் யார் நிறுத்தப்பட்டிருப்பார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

தீர்மானம் வீழ்ந்தது போராட்டத்தால். திடலில் ஆடுவோரிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டாக வேண்டும் என்ற நடைமுறையால் அது வீழவில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது. ஒன்பது திடல்கள் செய்தியாயின. ஒரு சிறு பூங்காவின் பூட்டு செய்தியாவதில்லை. 'மேம்பாடு' முடிந்த பூங்காக்களில் நாம் காண்பவை ஒரே மாதிரியானவை: நண்பகலில் பூட்டிய கதவு, பந்து விளையாடத் தடை என்ற பலகை, நடைப்பயிற்சிக்கான கல் பாதை, பார்ப்பதற்கு மட்டுமான புல்வெளி. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய கோரிக்கை இருக்கிறது. எவருடைய கோரிக்கை?

வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு வார்டு அலுவலகத்தில் கூடும் கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு யாரால் வர இயலும்? தூய்மைப் பணியாளர் வர இயலாது. கட்டடத் தொழிலாளி வர இயலாது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் வர இயலாது. பள்ளிச் சிறுவர்களை யாரும் அழைப்பதேயில்லை. வருவோர் பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகள். அவர்களுக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய கூட்டங்களில் 'வெளியாட்களின் தொல்லை' என்ற புகார் எழும்போது, அந்த வெளியாள் எத்தெருவைச் சேர்ந்தவர் எனக் கேட்க வேண்டிய கடமை நமக்குண்டு. இரண்டு தெரு தள்ளி, அதே வார்டில் வாக்களிக்கும் குடிசைப் பகுதிச் சிறுவன் எப்படி வெளியாளானான்? ஊர், சேரி என்ற பிரிவினையை நகரம் தன் மொழியில் பெயர்த்துச் சொல்லும் சொல் அது.

பொதுச் சொத்தைத் தீர்மானத்தால் திறந்தும் நடைமுறையால் மூடியும் வைப்பது இந்த நாட்டிற்குப் புதிதல்ல. பொது நீர்நிலைகளும் பிற பொது இடங்களும் தீண்டப்படாதோருக்கும் உரியவை எனப் பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. அதனைப் பின்பற்றி மகாட் நகராட்சியும் 1924இல் தீர்மானம் இயற்றியது. இருந்தும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரை அருந்தும்வரை அத்தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. அதே ஆண்டு அந்த நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதையும் நாம் மறக்கலாகாது. வழங்கப்பட்ட உரிமையை ஒரு மன்றக் கூட்டத்தில் பறித்துவிட முடியும் என்பதே மகாட் தரும் எச்சரிக்கை.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவருக்கும் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு. பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் பன்னிரண்டாம் அட்டவணைப்படி நகராட்சிகளின் பொறுப்புக்குரியவை. மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என 243எஸ் உறுப்பு கட்டளையிடுகிறது. மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அவை குறித்த தகவல்களை வெளியிட வேண்டும் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பணிக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்ததை எதிர்த்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களுக்கான ஏரியா சபைகள் 2022 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே பங்கேற்றார். கிராம சபைக்கு இணையான ஒரு மேடை நகரத்திற்குக் கிடைத்தது வரவேற்கத்தக்கது. ஆனால் மேடை இருப்பது வேறு, அதில் பேசியது முடிவாக மாறுவது வேறு. திடலின் கட்டணமும் நேரமும் பூட்டும் சபையின் முன் வைக்கப்படாவிடில், அங்கு நிகழ்வது மனு வாங்கும் சடங்கு மட்டுமே.

பிரதிநிதித்துவம் இருந்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். சென்னையின் முதல் தலித் பெண் மேயர் வட சென்னையிலிருந்து வந்தவர். இட ஒதுக்கீடு ஈட்டித் தந்த வரலாற்று வெற்றி அது. ஆயினும் அவர் தலைமையேற்ற மன்றத்திலேயே இத்தீர்மானம் நிறைவேறியது, பின்பு கைவிடப்பட்டது. இருக்கையில் நம்மவர் அமர்வது இன்றியமையாதது. அந்த இருக்கையின் முன் வரும் கோப்பில் நம் தெருவின் குரல் பதிவாகியிருப்பதும் அதே அளவு இன்றியமையாதது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பூங்கா, திடல் சீரமைப்பின் வரைபடமும் மதிப்பீட்டுத் தொகையும், ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்னரே ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கருத்துக் கேட்பு மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, திடலைச் சுற்றியுள்ள குடிசைப் பகுதிக்குள்ளேயே நடைபெற வேண்டும். சிறுமியரிடமும் பெண்களிடமும் தனியே கேட்க வேண்டும். விளக்கும் கழிப்பறையும் இல்லாத திடல் மாலையில் அவர்களுக்குத் திடலே அல்ல. ஏற்காத கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் காரணம் தர வேண்டும். கட்டணம், நேரக் கட்டுப்பாடு, தனியார் பராமரிப்பு ஆகியவற்றை ஏரியா சபையின் பதிவு பெற்ற ஒப்புதலின்றி மன்றத்தில் வைக்கலாகாது.

கல்லூரி மாணவர்கள் இதை இன்றே தொடங்கலாம். தங்கள் வார்டின் ஏரியா சபை கடைசியாக எப்போது கூடியது, அதன் நடவடிக்கைக் குறிப்பில் பூங்கா பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு அளிக்கலாம்; மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்தான். வரும் பதிலைத் திடலுக்கே எடுத்துச் சென்று, அங்கே ஆடும் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுவோம். அடுத்த கூட்டத்திற்கு அவர்களுடனேயே செல்வோம்.