சாமி குத்தம் என்று சொல்லுமுன்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பத்மநாப சுவாமி கோவில் நிலவறை பற்றிப் பேச்சு எழுந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: “கேஸ் போட்ட மனுஷன் மூணு வாரத்துல போய்ச் சேந்துட்டாருல்லா அண்ணாச்சி? சாமி குத்தம்னா சும்மாவா?” மலையாளத்துப் பூக்காரரும் திருநெல்வேலிப் பலசரக்குக் கடைக்காரரும் வேறு எதில் முரண்பட்டாலும் இதில் ஒன்றுபடுவார்கள்.

போனவர் டி.பி. சுந்தரராஜன். ஐ.பி.எஸ். பணியை விட்டுவந்து வழக்கறிஞரானவர். கோவில் சொத்துக்கு ஒழுங்கான நிர்வாகம் வேண்டும் என்று வழக்காடினார். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2011 ஜூன் 27 அன்று அறைகளைத் திறந்து கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். ஜூலை 17 அன்று அவர் இறந்தார். தேதிகளில் பிழையில்லை. ஆனால் அவருக்கு வயது 70. உத்தரவு போட்ட நீதிபதிகள், பூட்டை உடைத்தவர்கள், நகைகளை எண்ணியவர்கள் என்று அந்தக் காரியத்தில் கைவைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மறுநாள் காலையில் எழுந்து காபி குடித்த கதையை யாரும் சொல்வதில்லை. பலித்ததை மட்டும் எண்ணினால் எந்தச் சாபமும் பலிக்கும்.

“அது பி அறைச் சாபம்” என்பார்கள், நிலவறைகளில் ஒன்றைக் காட்டி. 2011 ஆகஸ்டில் சோதிடர்கள் சாமியின் கருத்தறிய நடத்திய தேவப்பிரச்னத்திலும் அந்த அறையைத் திறப்பவர்களுக்குக் கேடு என்றே சொல்லப்பட்டது. ஆனால் பின்னர் தணிக்கை செய்த முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய், 1990-க்குப் பிறகு அது குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். திறந்தது வெளியறைதான், உள்ளறையை யாரும் தொடவில்லை என்பது திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பதில். இருக்கட்டும். 2011-லும் அந்த உள்ளறை திறக்கப்படவில்லையே! பிறகு எதற்குத் தண்டனை?

இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. சாமி காரணமில்லாமல் யாரையும் அடிக்காது, அவரவர் வினைப்படி அளக்கிறது என்பது அது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயமே இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது: உலகில் இத்தனை ஏற்றத்தாழ்வும் துன்பமும் இருக்க, இறைவன் பட்சபாதி, கொடியவன் என்று ஆகாதா? ஆகாது, உயிர்களின் வினையை ஒட்டியே அவன் கொடுக்கிறான் என்பது விடை. கேரளத்துக் காலடியில் பிறந்த சங்கரர் இதற்கு மழையை உவமையாக்கினார். மழை பொது, எது முளைக்கிறது என்பது விதையின் பாடு. கவனியுங்கள், இந்த விளக்கத்தில் இறைவனுக்குக் கோபமே கிடையாது. வினைக்கொள்கையை நம்புகிறவர் “சாமி கோபித்துக்கொண்டது” என்று சொல்ல வழியில்லை. நம் ஆட்களோ காலையில் கர்மம் என்பார்கள், சாயங்காலம் சாமி கோபம் என்பார்கள்.

சைவ சித்தாந்திகள் ஒருபடி மேலே போய், தண்டனையும் அருளே, பிள்ளையைத் திருத்தத் தகப்பன் அடிக்கும் அடி என்பார்கள். அழகான நினைப்புதான். ஆனால் அடிபடும் பிள்ளைக்கு எதற்கு அடி என்று தெரிய வேண்டாமா? 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் பூந்துறை, விழிஞ்ஞம், குமரிக்கரை மீனவர்களைக் கடலிலேயே கொண்டுபோனது. எந்தப் பிறவியில் செய்த எந்தத் தப்புக்கு என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? செத்தவர் திருந்துவது எப்படி? முற்பிறவிக்கு முந்திய பிறவி என்று தள்ளிக்கொண்டே போகலாம். அது வாய்தா வாங்குவதே தவிர பதில் ஆகாது.

“பெரியவங்களே சொல்லியிருக்காங்களே” என்பது அடுத்தது. உண்மை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பூகம்பம். 24-ஆம் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில் காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். நோக்கம் உயர்ந்தது. ஆனாலும் தாகூர் பகிரங்கமாக மறுத்தார்: இதே வாதத்தை எதிர்த்தரப்பும் எடுக்கலாமே? எடுக்கத்தான் செய்தார்கள். 2018 வெள்ளத்தில் கேரளம் மூழ்கியபோது, சபரிமலையில் பெண்களை விடுவது பற்றிய வழக்குக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று நீதிபதிகள் பார்க்கலாம் என எழுதினார் ஆடிட்டர் எஸ். குருமூர்த்தி. ஒருவருக்குக் கோவிலில் விடாதது குற்றம், மற்றவருக்கு விடச் சொல்வது குற்றம். இரண்டு பக்கமும் சாட்சிக்கு வரும் பேரிடர் எதையும் நிரூபிக்காது.

பக்கத்தில் ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகி என்றே கும்பிடுகிறோம். மதுரையை எரித்த கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள். வெள்ளமும் புயலும் அந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை.

பயம் இருந்தால் நல்லதுதானே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: ஓகி எச்சரிக்கை ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். சாமி குத்தம் என்று முடித்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கோவில் கணக்கைக் கேட்பவன் செத்துப்போவான் என்ற பேச்சால் லாபம் அடைவது சாமி இல்லை. சாமியை நம்புங்கள், பொங்கலிடுங்கள். துக்கம் கேட்கப் போகும் வீட்டில் மட்டும் இந்த வார்த்தையை எடுக்காதீர்கள்.